ஒரு முழம் தள்ளியிருக்கும் பிரிண்டர் தொடர்பாக

அனுப்புநர்:
பில் போடும் எழுத்தர்,
விளைபொருள் கொள்முதல் கிடங்கு,
கொல்லிமலை.

பெறுநர்:
உயர்திரு மேலாளர் அவர்கள்,
கணினிப் பிரிவு,
தலைமை அலுவலகம் (மலைக்குக் கீழே).

பொருள்: ரிமோட் வழியாக அச்சடிக்க மறுக்கும் பிரிண்டர் – தாங்கள் வழங்கிய ஆலோசனைகளுக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: "கம்ப்யூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யவும். சரியாகாவிட்டால் லாக்-ஆஃப் செய்து மீண்டும் உள்ளே வரவும்" என்ற தங்கள் பதில் (புகார் தோறும் இதே பதில்).

ஐயா,

தங்கள் பதில் கிடைக்கப்பெற்றோம். தாங்கள் சொன்னபடியே ஆஃப் செய்தோம், ஆன் செய்தோம், வெளியே போனோம், உள்ளே வந்தோம். பிரிண்டர் மட்டும் வரவில்லை.

நிலவரத்தை நேரில் பார்க்கும் வாய்ப்பு தங்களுக்கு அமையவில்லை என்பதால் சொல்கிறேன். மிளகு மூட்டை எடை போட்டாகிவிட்டது. எடை, கழிவு, விலை எல்லாம் திரையில் நிற்கின்றன. எனக்கு வலப்பக்கம் ஒரு முழம் தள்ளி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், தாள் ஏற்றி, பச்சை விளக்கு எரிய, தயாராக இருக்கிறது. ஆனால் பில் அந்த ஒரு முழத்தை நேராகக் கடக்காது. பில் போடும் மென்பொருள் தங்கள் சர்வரில் இருக்கிறது. என் திரையில் தெரிவது அதன் படம் மட்டுமே. ஆகவே பில் கீழே பிறந்து, மலையேறி இங்கே வந்து அச்சாக வேண்டும். பஸ்ஸில் வந்தால் காரவள்ளிக்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். பில் எந்த வளைவில் நின்றுவிடுகிறது என்று தேடிப் பார்த்த விவரம் வருமாறு.

முதல் வளைவிலேயே தங்கள் கைவண்ணம் தெரிந்தது. சர்வருக்குள் நுழையத் தாங்கள் கொடுத்த ஐகானை நோட்பேடில் திறந்தேன். (திறக்கக் கூடாது என்று சுற்றறிக்கை ஏதும் இதுவரை வரவில்லை.) 'ரீடைரக்ட் பிரிண்டர்ஸ்' என்ற வரியின் கடைசியில் 0 இருந்தது. பிரிண்டரைக் கூட்டிக்கொண்டு வராதே என்று பொருள். அதை 1 ஆக்கினேன். ரிமோட் இணைப்புக்கு முன் வரும் 'லோக்கல் ரிசோர்சஸ்' பக்கத்தில் பிரிண்டர்ஸ் கட்டத்தில் டிக் போட்டாலும் இதே காரியம்தான். பிரிண்டர் சர்வருக்குள் தலைகாட்டியது; கிடங்கில் டீ வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரமே காணாமல் போயிற்று. விசாரித்தால், பாதுகாப்பு கருதி குரூப் பாலிசியில் கிளைகளின் பிரிண்டர்களுக்குத் தடை போட்டிருக்கிறீர்களாம். சர்வரில் அந்தத் தடை இருக்கும்வரை இங்கே எத்தனை டிக் போட்டாலும் செல்லாது. உயரத்தில் நாங்கள் மேலே, அதிகாரத்தில் தாங்கள் மேலே.

தடை இருந்த நாட்களில் பில் அச்சாகவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாக அச்சானது, தங்கள் அலுவலகத்தில். எங்கள் பிரிண்டர் இல்லாத இடத்தில் சர்வர் தனக்குத் தெரிந்த பிரிண்டரையே டீஃபால்ட்டாக எடுத்துக்கொண்டது. கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தது: "இங்க மிளகு பில்லா வந்துட்டிருக்கே, யாருய்யா மிளகு கொண்டாந்தது?" கொண்டு வந்தவர் என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "என்னங்க சார், பேனாவுல எழுதிக் குடுத்துருங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். கையால் எழுதிய பில் செல்லாது என்று தங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. அவரிடம் அதைப் படித்துக் காட்டினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பஸ் போய்விட்டது.

புண்ணியவான் யாரோ தடையை எடுத்தார். அடுத்து டிரைவர். "அந்த மாடலுக்கு டிரைவர் போட்டுக்கொள்ளவும்" என்றீர்கள். என் கம்ப்யூட்டரில் அது இருக்கிறது, வேண்டியது சர்வரில். 2021 ஜூலையில் அச்சு வேலைகளை வரிசையில் நிறுத்தும் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் உலகையே கலக்கிய ஓட்டை ஒன்று தெரியவந்ததும், அடுத்த மாத அப்டேட்டிலேயே, அட்மின் அல்லாதவர் பிரிண்டர் டிரைவர் போட முடியாதபடி மைக்ரோசாஃப்ட் பூட்டிவிட்டது. நியாயமான பூட்டு. சாவி தங்களிடம் இருக்கிறது. சாவி வைத்திருப்பவரே "திறந்துகொள்ளவும்" என்று எழுதினால் நாங்கள் என்ன செய்வது?

"ஈஸி பிரிண்ட் இருக்கிறதே, டிரைவரே தேவையில்லையே" என்று தங்கள் உதவியாளர் போனில் சொன்னார். உண்மைதான். விண்டோஸ் சர்வர் 2008 காலத்திலிருந்தே இருக்கும் வசதி அது. சர்வர் பக்கத்தை எக்ஸ்பிஎஸ் வடிவில் ஆக்கி அனுப்பும், இங்குள்ள கம்ப்யூட்டர் தன் சொந்த டிரைவரால் அச்சடிக்கும். தங்கள் அறையில் இருப்பது போன்ற லேசர் பிரிண்டருக்கு அது வரப்பிரசாதம். எங்களுடையது ஊசியால் குத்தி எழுதும் ஜாதி. எழுத்தை எழுத்தாகக் கொடுத்தால் ஒரே ஓட்டத்தில் அடித்துவிடும். ஈஸி பிரிண்டோ பில்லைப் படமாக்கிக் கொடுக்கிறது. தலை இடவலமாகப் போய் வந்து ஒரு வரியையே பலமுறை உழுகிறது. ரிப்பன் ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. போதாக்குறைக்கு, எங்கள் அரைத் தாள் பில்லை அது ஏ4 என்றே நம்புகிறது. ஒவ்வொரு பில்லுக்குப் பின்னும் ஒரு வெற்றுத் தாளைத் தள்ளி ஓய்கிறது. இங்கே மூடுபனி இறங்கினால் சிக்னலும் கூடவே இறங்கிவிடும். படமாக வரும் பில் அப்போது பாதி வழியில் நின்று யோசிக்கும்.

இதற்கு மாற்றாகத் தாங்கள் பரிந்துரைத்த 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவரையும் போட்டுப் பார்த்தோம். வேகம் பிரமாதம். ஆனால் அதற்குத் தமிழ் தெரியாது. விவசாயியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். ஊர்ப் பெயரிலும் கேள்விக்குறிகள். தொகை மட்டும் தெளிவாக இருந்தது. யாருக்கு என்று தெரியாத பணத்தைத் தணிக்கையில் எப்படிக் காட்டுவது என்பதைத் தாங்களே அடுத்த சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தினால் நல்லது.

இப்போது பார்வையில் கண்ட ஆலோசனைக்கு வருகிறேன். ரிமோட்டில் தோன்றும் பிரிண்டரின் பெயருக்குப் பின்னால் 'ரீடைரக்டட் 3' என்பது போல ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். அது அந்த செஷனின் எண். லாக்-ஆஃப் செய்து மீண்டும் நுழைந்தால் புது செஷன்; 3 என்பது 7 ஆகிவிடலாம். நம் மென்பொருளோ முதலில் பார்த்த பெயரையே பிடித்துக்கொண்டு, 3 எங்கே, 3 எங்கே என்று கேட்டு, பிரிண்டர் இல்லை என்று கைவிரிக்கிறது. அதாவது ஐயா, எதையும் தொடாமல் இருந்தால் அச்சாகும். தாங்கள் சொன்ன வைத்தியத்தைச் செய்தால் நின்றுவிடும். செய்யாவிட்டால் "ஆலோசனை பின்பற்றப்படவில்லை" என்று குறிப்பெழுதிப் புகாரை முடித்துவிடுகிறீர்கள்.

ஒருநாள் சர்வரின் ஸ்பூலர் அடைத்துக்கொண்டது. அச்சு வரவில்லையே என்று மேலும் மேலும் அழுத்தினேன். மாலையில் யாரோ கீழே ஸ்பூலரைத் தட்டி எழுப்ப, ஒரே மூட்டைக்கு ஐந்து பில் வரிசையாக வந்து விழுந்தன. செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தைத் தைத்ததாகப் புறநானூறு சொல்கிறது. அவருக்குப் பிறகு இந்த மலையில் ஐந்தை ஒருசேர வீழ்த்தியது தங்கள் சர்வர்தான். நான்கை ரத்து செய்ய அனுமதி கோரிய கடிதம் தங்கள் பரிசீலனையில் உள்ளது.

ஐயா, சர்வரைத் தொட அதிகாரம் உள்ளவர் மேசையில் இந்தப் பிரிண்டர் இல்லை. பிரிண்டர் உள்ளவன் கையில் அந்த அதிகாரம் இல்லை. ஆகவே எங்கள் மாடல் பிரிண்டர் ஒன்றைத் தங்கள் மேசையில் வைத்துக்கொள்ளும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அதன் டிரைவரைத் தங்கள் பொற்கையால் சர்வரில் போட்டு, 'ஈஸி பிரிண்ட்டையே முதலில் பயன்படுத்து' என்ற பாலிசியை எங்கள் கிடங்குக்கு மட்டுமாவது நிறுத்திவைக்கலாம். மென்பொருள் செய்தவரிடம், பிரிண்டரைப் பெயர் சொல்லித் தேடாமல் அந்தந்த செஷனின் டீஃபால்ட் எதுவோ அதில் அடிக்கச் சொல்லலாம். அதற்குக் கூட்டமும் கோப்பும் வேண்டாம், ஒரு போன் போதும்.

இதெல்லாம் நடக்கும்வரை ஓர் இடைக்கால ஏற்பாடு. தடை இருந்த நாட்களில் அடித்த மிளகு பில்கள் தங்கள் கணக்குப் பிரிவின் பிரிண்டர் தட்டில் இன்னும் கிடக்கும். அவற்றை அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, மலைக்கு வரும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பவும். செம்மேட்டில் ஆள் நிறுத்தி வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பில் எழுத்தர்.