பன்றி றோஸ்ட்டும் காற்றின் திசையும்: கொழும்புத்துறையை முன்வைத்து ஓர் ஆய்வு

கொழும்புத்துறையில் ஒரு வீட்டில் பன்றி இறைச்சி வாட்டினால் அது எத்தனை வீட்டாருக்குத் தெரியவரும் என்ற கேள்வியை அறிஞர் உலகம் கவனிக்காமல் விட்டிருக்கிறது. 1964இல் சமாதியடைந்த யோகர் சுவாமிகளின் ஆச்சிரமமும் புனித பிரான்சிஸ் சவேரியார் பெரிய குருமடமும் ஒருங்கே அமைந்த ஊர் இது. இதைவிடத் தகுந்த ஆய்வுக்களம் கிடையாது.

முதலில் ஆய்வுப்பொருள். தோலும் கொழுப்பும் விடாத துண்டு. உப்பு, மிளகு, இடித்த இஞ்சி, உள்ளி, வறுத்த கறித்தூள், கொஞ்சம் வினாகிரி. எல்லாம் சேர்த்துப் பிரட்டி இரவு முழுக்க ஊறவிட வேண்டும். தோலில் மட்டும் கூட்டுப் படக்கூடாது. அதைத் துணியால் ஒற்றி உப்பைத் தேய்த்துவிட வேண்டும். ஈரத் தோல் மொறுமொறுக்காது, சவ்வாகத்தான் இழுபடும். ஓவன் இல்லாத வீட்டில் கனத்த சட்டி, கீழே தணல், மூடிக்கு மேலேயும் சிரட்டைக்கரித் தணல். உள்ளே 63 பாகை செல்சியஸ் சூடு ஏறி, இறக்கி 3 நிமிடம் ஆறவிட்டால் போதும் என்று அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2011இல் அறிவித்தது. அந்தத் திணைக்களம் எங்கள் மாமிமாரைச் சந்தித்ததில்லை. நடுவில் பொட்டளவு இளஞ்சிவப்பு தெரிந்தாலும் சட்டி திரும்ப அடுப்புக்குப் போய்விடும்.

வாசம் எப்படிப் பிறக்கிறது என்பதை மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் விளக்கத் தொடங்கினார். அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் கூடினால் நிறமும் மணமும் வரும். ஆனால் வேலியைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. கிடுகுவேலி போய் மதில் வந்த பிறகும் நிலைமை மாறவில்லை.

"என்ன மாமி, இண்டைக்கு விசேஷமோ?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை, கொஞ்சம் கருவாடு பொரிச்சனான்."

இந்த விடையை இரு தரப்பும் நம்புவதில்லை, மறுப்பதுமில்லை. நல்ல அயல் என்பது இதுதான்.

இனிக் காற்று. நத்தார் காலத்தில் வாடைக்காற்று வீசும். ஊருக்குத் தெற்கே கடனீரேரி. ஆகவே வாசம் பூநகரிப் பக்கம் போய்விடும், கரையோர வீட்டார் மட்டும் மன்னிக்க வேண்டும். ஆடியில் வாட்டினால் சோழகம் அதை ஊருக்குள்ளேயே திருப்பி அனுப்பும். எனவே நத்தாரே உகந்த காலம் என்று முடித்திருப்பேன், திருவெம்பாவை குறுக்கிட்டிராவிட்டால். பல ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாட்களில் வரும். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து அடுப்பு மூட்டினால், விடியற்புறம் சங்கும் சேமக்கலமும் தெருத் தெருவாக வரும். வாசத்தைக் காற்று கொண்டுபோகாவிட்டாலும் ஆட்களே வாசத்திடம் வந்துவிடும்போது என் காற்றுக் கோட்பாடு நிற்காது.

பன்றிக்கு உறுதியான பாதுகாப்பு தபசுகால வெள்ளிதான். அன்று சைவ வீட்டிலும் மரக்கறி, கத்தோலிக்க வீட்டிலும் இறைச்சி இல்லை. சமய ஒற்றுமை பற்றிய மாநாடுகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆய்வு தொடர்கிறது. மாதிரி அனுப்ப விரும்பும் வாசகர்கள் தோல் பக்கத் துண்டாகப் பார்த்து, மூடிய பாத்திரத்தில், ஞாயிறு பூசைக்குப் பிறகு கொண்டுவந்து தரவும். கேட்பவர்களிடம் கருவாடு என்று சொல்லவும்.