படி பத்தொன்பது

மதுரைக்கு வடக்கே 21 கிலோமீட்டரில் அழகர்கோயில். மதிலுக்கு ஊர்க்காரர்கள் பயப்படுவதில்லை, ஆடு மேய்கிறது. வெளிக்கோட்டை அழகாபுரிக் கோட்டை, உள்கோட்டை இரணியன் கோட்டை. உள்ளே நரசிம்மரை வைத்துக்கொண்டு மதிலுக்கு இரணியன் பெயரைச் சூட்டிய மகராசனுக்கு நெஞ்சழுத்தம் அதிகம்.

விமானத்தின் பெயர் சோமசந்த விமானம். வட்ட வடிவம். நம் பக்கத்தில் இது அபூர்வம். திருடன் மூலையில் பதுங்கலாம் என்று பார்த்தால் மூலையே கிடையாது.

ஆனாலும் வந்தார்கள். மலையாள தேசத்து மந்திரவாதிகள் பதினெட்டுப் பேர். நகைக்காக வரவில்லை, அழகரின் சக்தியையே இறக்கிக் கொண்டுபோகும் திட்டம். கண்ணில் மை தீட்டியிருந்ததால் யார் பார்வைக்கும் படவில்லை. பட்டர் மதிலை நம்பவில்லை, மடப்பள்ளியை நம்பினார். சுடச்சுடப் பொங்கலைக் கொண்டுவந்து வைத்தார். ஆவி பட்டு மை கரைந்து வழிந்தது. பதினெட்டு முகமும் பளிச். வெட்டிப் புதைத்து ஆளுக்கொரு படி கட்டியாயிற்று. பசி கெடுத்த காரியம்.

அவர்களுக்குத் துணையாக வந்த கருப்பன் அழகரின் அழகில் சொக்கி இங்கேயே தங்கிவிட்டான். வேலை வாசல் காவல், கூலி அழகருக்குப் படைத்த அர்த்தசாமப் பிரசாதம். அவனுக்குச் சிலை கிடையாது, ராஜகோபுரத்தின் சாத்திய கதவுதான் சாமி. கதவு நிறையச் சந்தனம், கீழே ஆளுயர அரிவாள்கள். கொடுத்த கடனை இல்லையென்று சாதிப்பவன்கூட அந்தப் படியில் சத்தியம் பண்ணக் கூப்பிட்டால் வீட்டில் வேலை இருக்கிறது என்பான். சித்திரையில் மதுரைக்குக் கிளம்பும் அழகரே இவன் முன்னால் நகைப் பட்டியலை வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி கணக்கு. முதலாளியையே தணிக்கை செய்யும் வாட்ச்மேன்!

கதவில் கருப்பன் இல்லாத கோயில் என்ன பாடுபட்டது என்பதற்குத் திருமோகூர் சாட்சி. 1755இல் கும்பினியின் கர்னல் ஹெரான், நவாபுக்காக வரி வசூலிக்க வந்தவர், கோயில்குடி என்று அவர்கள் எழுதிவைத்த அந்தக் கோயிலுக்கு முன்னால் வந்து நின்றார். மதில் கெட்டி. கர்னல் துரை தானே தீப்பந்தம் தூக்கிக்கொண்டு ஓடி, கதவடியில் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினார். சீமையில் படித்த போர்க்கலை! உள்ளே புகுந்து சாமி சிலைகளை மூட்டை கட்டினார். மீட்க வேண்டுமானால் 5,000 ரூபாய் என்று விலையும் வைத்தார்.

பணம் வரவில்லை. மே மாதம் படை ஊர் திரும்பும்போது, அழகர்மலைக்கு அந்தப்புறம் நத்தம் கணவாயில், கள்ளர் நாட்டார் வந்தார்கள். “சாமி! சாமி!” என்று கத்திக்கொண்டு மூட்டை வண்டிகள்மேல் பாய்ந்து சிலைகளை மீட்டுக்கொண்டு போனார்கள். சென்னை போய்ச் சேர்ந்த ஹெரானைக் கும்பினியே விசாரித்து வேலையைவிட்டு அனுப்பியது.

துரை திருமோகூருக்குப் பதில் அழகர்கோயில் கதவில் வைக்கோல் அடுக்கியிருக்கலாம். கருப்பனுக்கு ஒரு படி கூடியிருக்கும்.