மண்டையோட்டின் மகிமை

பிறர் எழுதிய நிரலைப் பராமரிப்போருக்கு வழிகாட்டும் கலை, 1980-களின் தொடக்கத்திலேயே தன் உன்னத சிகரத்தை எட்டிவிட்டது. ஜேம்ஸ் காஸ்லிங் என்னும் மேதை, தாம் இயற்றிய ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியில், திரையில் மாறிய பகுதியை மட்டும் குறைந்த செலவில் மீண்டும் வரையும் சூட்சுமமான நிரலுக்கு முகப்பாக, எழுத்துக் குறிகளைக் கொண்டே ஒரு மண்டையோட்டையும் எலும்புகளையும் தீட்டி, இது புரிந்துவிட்டதென்று கருதுபவருக்கு அநேகமாகப் புரியவில்லை என்ற பொருள்பட எச்சரிக்கையும் பொறித்தார். இதனினும் சிக்கனமான பராமரிப்பு முறை உண்டோ! நூறு பக்கம் விளக்கம் எழுதுவோர் சந்தேகங்களை வளர்க்கிறார்கள். மின்கம்பத்து அபாயப் பலகை போன்ற இந்தச் சித்திரமோ சந்தேகிப்பவரையே அப்புறப்படுத்துகிறது.

அதே பெயரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இயற்றிய குனு ஈமாக்ஸில், விசை அழுத்தங்களை வாங்கும் பகுதியின் விசுவாசமும் போற்றத்தக்கதே. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து லிஸ்ப் மொழிக் கணினிகளின் விசைப்பலகையில் வாழ்ந்து, சாமானியரின் பலகைகளில் காணக்கிடைக்காத ‘ஹைப்பர்’ விசைக்கு, குனு ஈமாக்ஸ் இன்றும் இடம் ஒதுக்கி, அதன் வருகைக்குச் சித்தமாயிருக்கிறது. அந்த விசை பயனரிடம் இல்லாவிட்டால் அது பயனரின் குற்றம்.

காஸ்லிங்கின் திரை நிரலைத் தம் குனு ஈமாக்ஸில் சேர்த்திருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் தீண்டலாகாத அப்பகுதியை 1985-ல் அடியோடு நீக்கிப் புதிதாக எழுதினார். ஞானோதயத்தால் அன்று, காஸ்லிங்கிடம் உரிமையை வாங்கிய நிறுவனம் ஆட்சேபித்ததால். இந்த எச்சரிக்கை வக்கீல்களுக்குப் பொருந்தாதென்று மண்டையோட்டின் அடியிலேயே குறித்திருக்கலாம்.