பக்கவாசல் வீடு

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரொறன்ரோவில் வந்திறங்கிய எங்கள் சனத்தில் பலருக்கு முதல் முகவரி இரண்டில் ஒன்றாக இருந்தது. ஒன்று, நகரத்தின் நடுவில் சென்ற் ஜேம்ஸ் ரவுன் உயர்மாடிக் கட்டடங்கள். மற்றது, ஸ்காபரோவில் யாரோ ஒருவருடைய வீட்டின் பேஸ்மென்ற். எனக்கு வாய்த்தது பேஸ்மென்ற்.

1993 தொடக்கத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தேன். மார்க்கம் வீதிக்குக் கிட்ட ஒரு பங்களா வீடு. முன்வாசல் மேலே இருப்பவர்களுக்கு. நாங்கள் கார் விடும் பாதையால் சுற்றிப் போய்ப் பக்கவாசலால் இறங்க வேண்டும். செங்குத்தான படிகள். படி முடிகிற இடத்தில் அடுப்பு. அதைத் தாண்டினால் ஒரு நீள அறை, அதை இரண்டாகப் பிரிக்க ஒரு திரைச்சீலை. திரைக்கு அந்தப் பக்கம் ஃபர்னஸ். இரவில் அது மூளும்போது முழு அறையும் ஒருமுறை அதிரும். கூரைக்குக் கீழே ஓடிய தகரக் குழாயில் தலை முட்டாமல் நடக்க, வந்த முதல் வாரத்திலேயே உடம்பு பழகிவிட்டது.

யன்னல் ஒன்றுதான். கூரையை ஒட்டி, ஒரு சாண் உயரத்தில், வெளியே புல் மட்டத்துக்கு. யாரோ எப்போதோ பூசிய பெயின்ற் அதைச் சட்டத்தோடு ஒட்டி வைத்திருந்தது. மாசியில் பனி மூடினால் பங்குனி வரை வெளிச்சம் இல்லை. ஆனால் அங்கிருந்த நான்கு பெண்களில் இரண்டு பேர் பகல் ஷிஃப்ற், இரண்டு பேர் இரவு ஷிஃப்ற். வெளிச்சத்தைப் பார்த்து எழும்பிப் படுக்கிற வாழ்க்கை எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

அடுப்பு பற்றினால் படியால் ஏற முடியாது, யன்னலும் திறக்காது. இதைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் ஒரு சொல் கதைத்ததில்லை. காரணத்தை இப்போது யோசித்தால் நெஞ்சு கனக்கிறது. நாங்கள் வந்தது பங்கர்களிலிருந்து. யாழ்ப்பாணத்தில் வளவுக்குள் குழி வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு வைத்திருந்தோம். வானத்தில் இரைச்சல் கேட்டால் அதற்குள் இறங்குவோம். நிலத்துக்குக் கீழே போவது என்பது எங்களுக்கு உயிர் தப்புவது. அப்படி வளர்ந்தவர்களிடம் போய், நிலத்துக்குக் கீழே ஓர் அறையில் ஆபத்து இருக்கிறது என்று சொன்னால் யார் நம்பியிருப்பார்கள்?

வீட்டுக்காரர் எங்களைப் போல் சில வருடம் முந்தி வந்தவர். நல்ல மனிதர். வந்த அன்றே ஒன்றைச் சொல்லிவிட்டார்: "தங்கச்சி, ஆர் வந்து கேட்டாலும் சொந்தக்காரர் எண்டு சொல்லுங்கோ." அப்போது ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்குள் இரண்டாவது குடித்தனம் வைப்பதற்கு நகராட்சி அனுமதி இல்லை. 1994இல் ஒன்ராறியோவின் புதிய சட்டம் ஒன்று பேஸ்மென்ற் குடியிருப்புகளைச் செல்லுபடியாக்கியது. அடுத்த வருடமே ஆட்சி மாறியது, அந்த அனுமதியும் பின்வாங்கப்பட்டது. ஸ்காபரோ ரொறன்ரோவோடு இணைக்கப்பட்ட பிறகு, 2000ஆம் ஆண்டில்தான் நகரம் முழுவதற்கும் வழி திறந்தது. அதுவரை ஆயிரக்கணக்கான பேர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமலே கீழே சமைத்து, கீழே படுத்து, கீழே பிள்ளை பெற்று வளர்த்தார்கள். கடிதத்தில் எழுத ஒரு வீட்டிலக்கம் கூடத் தனியாகக் கிடையாது. மேல்வீட்டு இலக்கத்துக்குப் பக்கத்தில் 'பேஸ்மென்ற்' என்று எழுதுவோம்.

இவ்வளவும் சொன்னாலும், அந்த இடத்தைப் பற்றி எனக்கு ஒரு கசப்பும் இல்லை. ஏனென்றால் அங்கிருந்த நான்கு பேரும் மேலே ஏறினோம். வாடகை 550 டொலர், நான்காகப் பங்கிட்டோம். அந்த வருடம் ஒன்ராறியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6 டொலர் 35 சதம். மிச்சம் பிடித்த காசில் ஊருக்கு அனுப்பியது போக, சீட்டுக் கட்டினோம். ஒருத்தி சீட்டை எடுத்து முற்பணம் கட்டினாள், அடுத்தவள் கலியாணம் செய்து கணவனோடு சேர்ந்து கட்டினாள். பத்து வருடத்துக்குள் நான்கு பேர் பெயரிலும் வீடு இருந்தது. அந்த வீடுகளின் பேஸ்மென்றில் பிறகு வந்தவர்கள் குடியிருந்தார்கள், அவர்கள் தந்த வாடகை எங்கள் மோர்ட்கேஜுக்குப் போனது. ஒருவர் இறங்கின படியால் இன்னொருவர் ஏறினார். ஸ்காபரோவின் தமிழ் வீடுகளில் எத்தனையோ இப்படித்தான் வாங்கப்பட்டவை.

இப்போது அக்காவின் மகள் பேஸ்மென்ற் தேடுகிறாள். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து, படிப்பு முடித்து, ஸ்காபரோவில் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை. நான் இருப்பது ஏஜக்ஸில். இரவு ஷிஃப்ற் முடிந்து அங்கிருந்து பஸ் மாறி மாறி வருவது அவளுக்கு உயிர் போகிற வேலை. வேலையிடத்துக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு தோழியோடு சேர்ந்து இருக்கப் பார்க்கிறாள். "சின்னம்மா, நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ. உங்களுக்குத்தான் பேஸ்மென்ற் தெரியும்" என்றாள்.

கடைசியில் இரண்டு இடங்களுக்குள் தெரிவு வந்து நின்றது.

முதலாவது, பழைய வீடு. மாதம் 1,350 டொலர். வீட்டுக்கார ஐயா தொண்ணூறுகளிலிருந்து வாடகைக்கு விடுகிறவர். "பிள்ளை, எத்தினையோ குடும்பம் இருந்திட்டுப் போன இடம். ராசியான இடம். இஞ்ச இருந்தவை எல்லாரும் வீடு வாங்கித்தான் போனவை" என்றார். அவர் சொன்னது பொய்யாக இருக்காது.

என் பெறாமகள் அவரைக் கேட்டுக்கொண்டே குந்தியிருந்து தரைவிரிப்பின் மூலையை இரண்டு விரலால் கிளப்பினாள். அடியில் பஞ்சு நிறம் மாறி, சீமெந்துத் தரையில் சாம்பல் நிறப் பூஞ்சணம் வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தது. சுவரில் முழங்கால் உயரம் வரைக்கும் வெள்ளை ஒரு மாதிரி, அதற்கு மேல் வேறு மாதிரி. கீழ்ப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் புதுப்பலகை அடித்துப் பெயின்ற் பூசியிருந்தார்கள். சுடுதண்ணித் தாங்கியின் கால்கள் அதே உயரத்துக்குத் துருப்பிடித்திருந்தன.

"ஐயா, 2024 ஆடி மழைக்குத் தண்ணி வந்ததோ?"

"வந்தது எண்டு சொல்லேலாது. கொஞ்சம் கசிஞ்சது."

2024 ஜூலை 16ஆம் தேதி பியர்சன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் மழை பதிவானது. 2013 ஜூலை 8ஆம் தேதி மாலை மட்டும் 126 மில்லிமீற்றர். இப்படியான மழையில் தெருவுக்கு அடியில் போகும் கழிவுக்குழாய் நிரம்பினால், தண்ணீர் வந்த வழியே திரும்பி, பேஸ்மென்ற் தரையிலுள்ள துவாரத்தால் மேலே வரும். அது வெறும் மழைத்தண்ணீர் அல்ல, மலசலம் கலந்தது. குழாயில் ஒரு பேக்வோட்டர் வால்வ் போட்டால் திரும்பி வருவதைத் தடுக்கலாம், அதற்கு நகராட்சி மானியமும் கொடுக்கிறது. ஐயாவின் வீட்டில் வால்வ் இல்லை.

2021 செப்டெம்பரில் அய்டா புயலின் மழை நியூயோர்க்கில் பெய்த இரவில், அந்த நகரத்தின் பேஸ்மென்ற் குடியிருப்புகளுக்குள் 11 பேர் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலும் குடியேறி வந்தவர்கள். செய்தி பார்த்த அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை. மார்க்கம் வீதிக்குக் கிட்ட இருந்த அந்த ஒரு சாண் யன்னல் கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஐயாவின் யன்னல் அதைவிடக் கொஞ்சம் பெரிது, ஆனால் உள்ளே கம்பி போட்டிருந்தது. கள்ளருக்குப் பயந்து போட்டதாம். பெறாமகள் கட்டிலில் ஏறி நின்று கையால் அளந்து பார்த்துவிட்டு, மெதுவாக என்னைக் கேட்டாள்: "சின்னம்மா, இதுக்குள்ளால என்னால வெளியில போகேலுமோ?"

1993இல் நாங்கள் நான்கு பேரும் கேட்காத கேள்வி. அவள் கேட்டது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது இடம் மக்கவன் வீதிப் பக்கம். வீட்டுக்காரர் இளம் குடும்பம், நகராட்சி அனுமதி எடுத்து 2021இல் கட்டி முடித்தது. மாதம் 1,650. அளவு நாடாவை அவள் கையோடு கொண்டு வந்திருந்தாள். ஒன்ராறியோ கட்டட விதிப்படி படுக்கையறை யன்னலின் திறப்பு 0.35 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது, எந்தப் பக்கமும் 38 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. இங்கே அதற்கு மேலேயே இருந்தது. வெளியே யன்னலுக்கு முன்னால் மண்ணை அகலமாகத் தோண்டி, ஓர் ஆள் எழுந்து நின்று ஏறிப் போகும் அளவுக்குக் கிணறு மாதிரி கட்டி, அதற்குள் தண்ணீர் வடியக் குழாயும் வைத்திருந்தார்கள். பேஸ்மென்ற் கூரை 1.95 மீற்றர் இருந்தால் விதிக்குப் போதும். அதுவும் சரி. மேல்வீட்டில் புகை எழும்பினாலும் கீழே அலாரம் அடிக்கும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவி கீழேயே, அவளுடைய சுவரில். நாங்கள் கனவிலும் காணாத பேஸ்மென்ற்.

நான் அங்கேயே முடிவெடுத்துவிட்டேன். அவள்தான் அடுத்த கணக்கை எடுத்தாள்.

ஒன்ராறியோவில் வாடகையை வருடத்துக்கு ஒருமுறைதான் கூட்டலாம். எத்தனை வீதம் என்பதற்கு மாகாண அரசு ஓர் உச்சவரம்பு அறிவிக்கும். 2026க்கு அது 2.1 வீதம். ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு அந்த வரம்பு கிடையாது. ஐயாவின் பழைய பேஸ்மென்ற் வரம்புக்குள் வரும். மக்கவன் வீதிப் புது பேஸ்மென்ற் வராது. அடுத்த வருடம் அவர்கள் 1,650ஐ 2,000 ஆக்கினாலும், 90 நாள் முன்னால் எழுத்தில் அறிவித்துவிட்டால் சட்டப்படி பிழையில்லை. தப்பி வெளியேற வழியுள்ள இடத்தில் வாடகைக்குப் பாதுகாப்பு இல்லை, வாடகைக்குப் பாதுகாப்புள்ள இடத்தில் உயிருக்குப் பாதுகாப்பு இல்லை. இப்படி ஒரு தெரிவை இளம் பிள்ளைகளுக்கு முன்னால் வைக்கிற நகரத்தின் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதுதான் என்னைக் கனநாளாக உறுத்துகிறது. 1993இல் 550 டொலர் வாடகைக்கு, குறைந்தபட்சக் கூலியில் 87 மணி நேரம் உழைக்க வேண்டும். இன்று கூலி 17 டொலர் 60 சதம். 1,650 டொலருக்கு 94 மணி நேரம். இவ்வளவு பெரிய இடைவெளியில் வாடகைக் கணக்கு அப்படியொன்றும் தலைகீழாக மாறவில்லை. மாறியது அதற்கு மேலே இருக்கிற வீட்டின் கணக்கு. 1996இல் ரொறன்ரோப் பெரும்பகுதியில் வீடொன்றின் சராசரி விலை 2 லட்சம் டொலருக்குச் சற்றுக் கீழே. குறைந்தபட்சக் கூலியில் ஏறத்தாழ 29,000 மணி நேர உழைப்பு. 2024இல் சராசரி 11 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த வருடக் கூலியில் ஏறத்தாழ 65,000 மணி நேரம். நாங்கள் கதவில்லாத அறையில் இருந்தாலும் எங்களுக்கு மேலே போகப் படி இருந்தது. இவளுக்கு விதிப்படி யன்னல் இருக்கிறது, அலாரம் இருக்கிறது, படியைத்தான் காணவில்லை. எங்களைவிடக் கூடப் படித்தவள், எங்களைவிட நல்ல வேலை செய்கிறவள். எங்கள் தலைமுறையில் சிலர் கலியாண வீடுகளில், "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குச் சேமிக்கத் தெரியாது" என்று சொல்லும்போது இந்த இரண்டு எண்களையும் எழுதிக் கையில் கொடுக்கலாமா என்றிருக்கும்.

ஆகவே அவள் தேடுவது சில வருடம் தங்கிப் போகும் இடமா, பல வருடம் வாழும் இடமா என்பதே இப்போது தெளிவில்லை. சில வருடம் என்றால் எதையும் பொறுக்கலாம். பல வருடம் என்றால் காற்றும் வெளிச்சமும் எழுத்தில் உள்ள உரிமையும் வேண்டும்.

அவள் மக்கவன் வீதியையே எடுத்தாள். நான் சொன்னதற்காக அல்ல, ஐயாவின் கம்பி யன்னலை அவளால் மறக்க முடியவில்லை. ஆனால் கையெழுத்துப் போட முன்னம் வீட்டுக்காரத் தம்பியிடம் நேராகக் கேட்டாள்: மூன்று வருடத்துக்கு வாடகையை மாகாண வரம்புக்கு மேல் கூட்டுவதில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா? அவர் மனைவியைப் பார்த்தார். "அக்கா, எங்கட மோர்ட்கேஜ் அடுத்த வருசம் புதுப்பிக்க வேணும். வட்டி என்ன மாதிரி வருமெண்டு தெரியாது" என்று என்னிடம் சொன்னார். அவர் பயமும் நியாயம்தான். அவரும் கீழ்வீட்டு வாடகையை நம்பித்தான் மேல்வீட்டுக் கடன் கட்டுகிறார். கொஞ்ச நேரம் கதைத்து, இரண்டு வருடத்துக்கு என்று எழுதினார்கள். மாகாணத்தின் பொது ஒப்பந்தப் படிவத்தில் மேலதிக நிபந்தனைகளுக்கு இடம் இருக்கிறது, அங்கே. சேதத்துக்கென்று தனி வைப்புப் பணம் வாங்க ஒன்ராறியோவில் சட்டம் இடம் தராது. கடைசி மாத வாடகையை மட்டும் முன்பணமாக வாங்கினார்கள். தங்கள் சொந்தத் தேவைக்கு வீடு வேண்டுமென்றால் 60 நாள் அறிவித்தல் தந்து எழுப்பலாம் என்ற பயம் மட்டும் மிச்சம். தம்பியின் அம்மாவுக்கு இலங்கையிலிருந்து விசா போட்டிருக்கிறார்களாம்.

திறப்பு வாங்க முன்னமே குடியிருப்போர் காப்புறுதி எடுத்துவிட்டாள். கழிவுநீர் திரும்பி வந்தால் ஏற்படும் சேதம் சாதாரணக் காப்புறுதியில் அடங்காது, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும் என்பதை அவளே தேடி அறிந்து சேர்த்திருந்தாள்.

நேற்றுப் பின்னேரம் போன் எடுத்தாள். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற சில தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து மாதம் 500 டொலர்ச் சீட்டு ஒன்று தொடங்குகிறார்களாம். "நான் சேரட்டோ, சின்னம்மா?" என்று கேட்டாள். வாடகையும் ஊருக்கு அனுப்புகிற காசும் போக மாதம் என்ன மிஞ்சுகிறது என்று எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு இருந்து கணக்குப் பார்க்க வேண்டும்.