துக்கம் விசாரிக்க ஒரு மின்னஞ்சல்

மான்செஸ்டரில் இருக்கும் எங்கள் மேலாளரின் நாய் செத்துப்போய்விட்டது. பதினாலு வருஷம் வளர்த்த நாய். வீடியோ மீட்டிங்கில் அவருக்குப் பின்னால் சோபாவில் படுத்திருக்கும். நான் மாதக் கணக்கை வாசிக்க ஆரம்பித்ததும் வாயைப் பிளந்து கொட்டாவி விடும். அந்த மீட்டிங்கில் மனசில் பட்டதை மறைக்காத ஒரே ஜீவன் அதுதான்.

வீட்டில் சொன்னேன். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே, “ஐயோ, பாவம்” என்றாள். அவளைப் பொறுத்தவரை துக்கம் விசாரித்தாயிற்று. நான் இங்கிலீஷில் எழுதியாக வேண்டுமே!

பள்ளிக்கூட ஞாபகத்தில் ‘ஐ பிட்டி யூ’ என்று அடித்தேன். பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, “சார், உங்களுக்கு இன்க்ரிமென்ட் வேண்டாமா?” என்றாள். பிட்டி என்றால் இரக்கம்தான். ஆனால் முகத்துக்கு நேரே சொன்னால் ‘உன் பிழைப்பும் ஒரு பிழைப்பா’ என்று கேட்ட மாதிரியாம்.

சரி, ‘சாரி ஃபார் யுவர் லாஸ்’? நான் கணக்குப் பிரிவு. லாஸ் என்று அடித்ததுமே ‘எவ்வளவு?’ என்று கை துறுதுறுக்கிறது. போன காலாண்டில் அவர் பிரிவில் நிஜமாகவே லாஸ் வேறு.

மிச்சம் இருந்தவை சிம்பதியும் எம்பதியும். சிம்பதி என்பது கரையில் நின்று உச்சுக் கொட்டுவது, எம்பதிதான் தண்ணீரில் இறங்குவது என்று ஒரு டிரெய்னிங்கில் சொல்லிக் கொடுத்தார்கள். இத்தனைக்கும் சிம்பதியின் கிரேக்க வேருக்கே ‘கூடச் சேர்ந்து துன்பப்படுவது’ என்றுதான் பொருள். எம்பதி நேற்று வந்த பிள்ளை. ஓவியம், சிற்பம் பார்த்து உருகுவதைப் பற்றிப் பேச ஜெர்மன்காரர்கள் வைத்திருந்த ஒரு சொல்லுக்கு ஈடாக 1909-ல் டிட்செனர் என்ற உளவியல்காரர் அதை இங்கிலீஷில் இறக்கினார். காலப்போக்கில் இது கூடத்தில் உட்கார்ந்துகொண்டு பெரியவரைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டது. எனக்கு சிம்பதி மேல்தான் சிம்பதி.

எம்பதி என்று எழுத நாயோடு பழகியிருக்க வேண்டும். எனக்குள்ள ஒரே பழக்கம், எட்டாம் வகுப்பில் போட்டுக்கொண்ட நாய்க்கடி ஊசி. கம்பேஷன்? அங்கே துக்கத்துக்கு எடுக்கும் விடுப்புக்கே ‘கம்பேஷனேட் லீவ்’ என்றுதான் பேர். நான் யார், அவருக்கு லீவு சாங்ஷன் பண்ண?

எங்கள் ஊரில் இந்தத் தொல்லையே கிடையாது. துக்க வீட்டுக்குப் போனால் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்றுகூடச் சொல்லக் கூடாது. அந்த முறைப்படி ஒன்றும் எழுதாமல் அனுப்பிப் பார்த்தேன். ‘சப்ஜெக்ட் இல்லையே, பரவாயில்லையா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது. பயந்து மூடிவிட்டேன்.

மறுநாள் மீட்டிங். சோபா காலி. அதன் ஓரத்தில் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் நாய் மறைத்திருக்கிறது. ராத்திரி மனப்பாடம் செய்த வாக்கியம் மறந்துபோய், “ஐயோ, பாவம்” என்று தமிழிலேயே வந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு “தாங்க் யூ” என்றார்.

சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு மெசேஜ்: “நீ சொன்ன ‘பாவம்’ என்ற வார்த்தையைத் தேடிப் பார்த்தேன். ‘சின்’ என்று போட்டிருக்கிறது. வாஸ்தவம்தான், நிறையச் செய்திருக்கிறான். சோபாவைப் பார்த்தாய் அல்லவா?”