சூழ்நிலை அண்ணன்

சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லுனாஸ், கூலிம் என்று எந்த ஊர்த் தாமானுக்கு வேண்டுமானாலும் போங்கள். மாமாக் கடையில் மின்விசிறிக்கு நேர்கீழ் மேசையில் ஓர் அண்ணன் உட்கார்ந்திருப்பார். வயது ஐம்பதுக்கு மேல். ஹார்வர்டில் படித்தவன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். பொய்யில்லை, பீடோங் ஹார்வர்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளி. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தபோது லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தவர். பிள்ளைகள் பினாங்குத் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போய்விட்டார்கள். அண்ணனுக்கு இப்போது ஒரே வேலைதான்: கொலைகாரர்களைப் புரிந்துகொள்வது.

படத்தில் வரும் கொலைகாரர்களை.

முதல்நாள் இரவு என்ன படம் பார்த்தார் என்று கேட்க வேண்டியதில்லை. கண் சிவந்திருக்கும். வழக்கமாகக் கடை முழுக்கக் கேட்கும் குரல், உளவுத்துறைக்காரர் பேசுவதைப்போலத் தாழ்ந்திருக்கும்.

"படம் எப்படிண்ணே?"

"படம்னு சொல்லாத தம்பி. வாழ்க்கை."

"ஹீரோ நல்லவனா?"

இந்தக் கேள்விக்காகத்தான் காலை ஏழரையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். தே தாரேக்கைக் கொஞ்சம் தள்ளிவைப்பார். "நல்லவனும் இல்ல, கெட்டவனும் இல்ல. கிரே. வெட்டுறான்தான், இல்லேன்னு சொல்லல. ஏன் வெட்டுறான்னு பாக்கணும் லா. சூழ்நிலை."

அண்ணனின் நீதிமன்றத்தில் தீர்ப்பெல்லாம் இந்த ஒரு சொல்லில்தான். கதாநாயகன் சின்ன வயதில் அப்பாவைப் பறிகொடுத்திருந்தால் இடைவேளை வரைக்கும் செய்த கொலைகளுக்கு மன்னிப்பு. அம்மாவும் போய்விட்டிருந்தால் முழு விடுதலை. நாய் வளர்க்கிறவன் என்றால், செத்தவர்கள்தான் இவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வில்லனுக்கு மட்டும் எந்தச் சூழ்நிலையும் கிடையாது. அவனுக்கும் ஓர் அம்மா இருந்திருப்பாள் அல்லவா என்று ஒருமுறை கேட்டதற்கு, "அத டைரக்டர் காட்டலையே" என்றார். சட்டம் தெரிந்த மனிதர்.

அவருடைய அப்பா காலத்தில் இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். எம்.ஜி.ஆர். வந்தால் நல்லவன். நம்பியார் கையைப் பிசைந்தால் கெட்டவன். பின்வரிசையில் கண் மங்கிய கிழவருக்குக்கூடச் சந்தேகம் வராது. 1954-இல் வந்த 'மலைக்கள்ளன்' படத்தில் எம்.ஜி.ஆரே கொள்ளைக்காரர்தான்; ஆனாலும் யாரும் பயப்படத் தேவையில்லை, அது வேடம், உள்ளே இருப்பவர் பத்தரை மாற்றுத் தங்கம். படம் அமோகமாக ஓடியது. அதே ஆண்டில் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்தார். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. தொடக்கத்திலேயே சிவாஜியைச் சுட்டுவிடுகிறார்கள். யார் சுட்டது என்று துப்புத் துலக்கிக்கொண்டே போனால் செத்தவர்தான் தேசத் துரோகி. அப்போது அது ஓடவில்லை. எழுபது வருடம் முன்கூட்டிப் பிறந்துவிட்ட படம். இன்றைக்கு வந்திருந்தால் சூழ்நிலை அண்ணன்களே ஓட்டியிருப்பார்கள்.

நம் அண்ணனுக்கு ஞானம் பிறந்தது 'நாயகன்' படத்தில். 1987. வாடகை வீடியோ கேசட், லயத்தில் யாரோ ஒருவர் வீட்டு முன்கூடம், ஜன்னலில் எல்லாம் தலை. கடைசியில் பேரன் தாத்தாவிடம் கேட்பானே ஒரு கேள்வி, அதற்குக் கமல் எனக்குத் தெரியவில்லை என்று சொல்வாரே, அந்தப் பதிலை அண்ணன் அப்படியே வாழ்க்கையில் எடுத்துக்கொண்டார். மின்கட்டணத்துக்கு எடுத்துவைத்த ஐம்பது வெள்ளி எங்கே என்று அக்கா கேட்டால், தாடையைக் கொஞ்சம் உப்பவைத்துக்கொண்டு கமல் குரலிலேயே தெரியவில்லை என்பார். முப்பது வருடத்துக்கு மேலாக அக்கா இதைச் சகித்துக்கொண்டிருக்கிறார். அது என்ன சூழ்நிலை என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை.

பிறகு 2006-இல் 'புதுப்பேட்டை'. கொக்கி குமார் அண்ணனுக்குக் கிட்டத்தட்டச் சொந்தக்காரன். 2011-இல் இரண்டு. அஜித்தின் ஐம்பதாவது படமான 'மங்காத்தா' ஆகஸ்டு 31 அன்று வெளியானது. நம் தேசிய தினத்துக்காகவே வெங்கட் பிரபு தேதி குறித்தார் என்று அண்ணன் நம்புகிறார். கடைசிவரை திருந்தாத போலீஸ்காரன், கோடிக்கணக்கில் சூதாட்டப் பணம், நரைத்த தலை. அன்றிலிருந்து அண்ணனும் தலைக்குச் சாயம் அடிப்பதை நிறுத்திவிட்டார். இன்னொன்று 'ஆரண்ய காண்டம்'. தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம். தணிக்கைக் குழு 52 இடத்தில் வெட்டச் சொன்னதையும், பிறகு தேசிய விருது வாங்கியதையும் அண்ணன் மூச்சு விடாமல் சொல்லுவார். முதல் நாளே தியேட்டரில் பார்த்துவிட்டதாகவும் சொல்லுவார். அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் எல்லாரும் உண்மையிலேயே டிக்கெட் வாங்கியிருந்தால் அது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

அண்ணனின் தீராத மனக்காயம் 'கபாலி'. 2016 ஜூலையில் வந்தது. நம் நாட்டிலேயே நடக்கிற கதை, தோட்டத்தில் பிறந்தவன், கோட்டு சூட்டு போட்டவன், சிறையிலிருந்து வந்தவன். அண்ணன் தன் வாழ்க்கை வரலாற்றையே பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார்; சிறைக்குப் போனதும் கோட்டு சூட்டும் மட்டும்தான் அவர் வரலாற்றில் குறைவு. தமிழ்நாட்டில் அந்தப் படம், அடுத்து என்ன ஆனதென்று சொல்லாமல், இருட்டில் ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்தது. இங்கே திரையிட்ட பிரதியில் கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டு முடித்தார்கள். குற்றம் செய்தவன் தண்டனைக்குத் தப்பிப் போவதாகக் காட்டுவது நம் தணிக்கை வாரியத்துக்கு ஆகாது.

"எத்தன வில்லன் சுட்டும் சாகல. நாப்பத்து மூணு கேங் சேந்தும் பிடிக்க முடியல. ஒரு வரி எழுத்து வந்து பிடிச்சிட்டுப் போயிருச்சு" என்று இன்றைக்கும் பொருமுவார். நாற்பத்து மூன்று என்பது படத்தில் வருகிற கும்பலின் பெயர், கோபத்தில் எண்ணிக்கையாகிவிட்டது. எனக்கென்னவோ அந்த எழுத்து பிடித்துத்தான் இருந்தது. ரஜினி சரணடைந்து வாக்குமூலம் கொடுக்கிற காட்சியைக் காட்டத் துணிந்த இயக்குநர் உலகத்திலேயே கிடையாது. நம் ஊரில் அதை ஒரே வரியில் செலவில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவு பரந்த மனசுக்காரர், தாமானுக்குள் எப்படி என்று பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தன் காடியை அண்ணன் வீட்டுக் கேட்டை ஒட்டி அரை அடி தள்ளி நிறுத்திவிட்டால், அது குணக்கேடு. கோயில் கமிட்டிப் பொருளாளர் கணக்கில் நாற்பது வெள்ளி உதைத்தால், "இவனையெல்லாம் ரோத்தான்ல அடிக்கணும்." கூட்டுப் பணம் எடுத்துவிட்டு இரண்டு மாதம் கட்டாமல் போன பெண்மணிக்குப் புருஷன் கிட்னி கெட்டுப்போய் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அது தெரிந்தும் அண்ணன் மசியவில்லை. "சூழ்நிலைதானேண்ணே?" என்று யாரோ எடுத்துக் கொடுத்தபோது, "சூழ்நிலையாவது மண்ணாவது, காசு வாங்கினா கட்டணும்" என்றார். பின்னணி இசை இல்லாமல் ஒருவர் கஷ்டப்பட்டால் அண்ணனுக்குக் கேட்காது.

ஒருநாள் நிஜமாகவே நாலு பையன்கள் அதே கடைக்கு வந்தார்கள். உள்துறை அமைச்சு 2013-இல் 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டதே, அதில் ஏதோ ஓர் எண்ணைக் கையில் பச்சை குத்தியவர்கள். வேறு மேசை காலியாக இல்லை. "உக்காரலாமா அங்கிள்?" என்றார்கள், நல்ல மரியாதையாக. கிரே பாத்திரங்களை நாற்பது வருடம் ஆராய்ந்த மனிதருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு அமையாது. சின்ன வயதில் என்ன நடந்தது என்று கேட்டிருக்கலாம். நாய் உண்டா என்றாவது கேட்டிருக்கலாம். அண்ணன் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். நாலு மீ கோரெங், நாலு தே ஆயிஸ், எல்லாவற்றுக்கும் காசு கட்டிவிட்டு, பாதி குடித்த தன் டம்ளரை அப்படியே விட்டுவிட்டு மோட்டாரைத் தள்ளிக்கொண்டே போனார். தெரு முனை திரும்பிய பிறகுதான் ஸ்டார்ட் செய்தார்.

மறுநாள் அதைப் பற்றிக் கேட்டபோது, "அவனுங்க கிரே இல்ல தம்பி. பிளேக்" என்றார்.

உள்ளூர்ச் சரக்கு என்றாலே அண்ணனுக்கு இந்தச் சிக்கல்தான். சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த 'ஜகாட்' 2015-இல் வந்தது. தோட்டத்திலிருந்து பிடுங்கி எறியப்பட்ட குடும்பம், கும்பலில் சேர்ந்த சித்தப்பா, அவரை வாய் பிளந்து பார்க்கும் சின்னப் பையன். மறுவருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்று பரிசு வாங்கியது. அண்ணன் தியேட்டருக்குப் போகவில்லை. நம்ம ஊர்ப் படம்தானே, டிவியில் போடுவான் என்று இருந்துவிட்டார். டிவியில் பார்த்தபின் அவர் சொன்ன விமர்சனம்: "நம்ம புள்ளைங்கள கெட்டவனுங்களா காட்டிட்டான்." சென்னையில் வெட்டினால் அது கலை. இங்கே கத்தியைக் காட்டினாலே இனத்துக்கு அவமானம். இதில் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. என்னையும் சேர்த்துக் கெடாவில் பாதிப்பேர் அப்படித்தான்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், பாவம், அண்ணனுக்கு நம் மாநிலத்தின் கிரே நாயகர்களை அறிமுகப்படுத்தப் பார்த்தார். நூறு வருடத்துக்கு முன் குபாங் பாசு எல்லைப் பக்கம் நாயான் என்று ஒரு கொள்ளைத் தலைவன். அரசாங்கத்துக்குக் கொள்ளைக்காரன், கம்பத்துக் கதைகளில் வீரன். சியா பூன் கெங் என்கிற வரலாற்றாசிரியர் இப்படிப்பட்ட கெடாக் கொள்ளையர்களைப் பற்றி 1988-இல் தனி நூலே எழுதியிருக்கிறார் என்றார். அண்ணன் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். ஆசிரியர் விடவில்லை. அண்ணன் பிறந்த அதே ஹார்வர்ட் தோட்டத்தில் 1946-47 வாக்கில் ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படை திரட்டிக் கள்ளுக்கடை மறியல் நடத்தினார், துரைக்கும் போலீசுக்கும் தலைவலி, தொழிலாளிக்குத் தலைவர், உங்கள் தாத்தாவே அவர் பின்னால் நடந்திருப்பார் என்றார்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண் பளபளத்தது.

"விஜய் சேதுபதி பண்ணா நல்லாருக்கும்" என்றார்.

கடைசியாக அவர் வீட்டு டிவிக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் இப்போது பார்க்கிற படம் முழுக்க அதில்தான் வருகிறது. தியேட்டருக்கு வந்த வாரமே வரும், சில நேரம் முன்வரிசைக்காரர் தலையோடு வரும். மாதச் சந்தா கிடையாது. பசார் மாலாமில் ஒருவன் முன்னூறு வெள்ளிக்கு விற்றான், வாழ்நாள் முழுக்க உத்தரவாதம் என்றான். இது திருட்டு இல்லையாண்ணே என்று கேட்கக் கூடாது. கேட்டால் சந்தா ஏறிய கதை, ஓய்வூதியம் இல்லாத கதை, தோட்டத்தில் கொடுத்த நட்டஈடு எத்தனை வெள்ளி என்கிற கதை, எல்லாம் வரும். கேட்டு முடிக்கும்போது நமக்கே கண் கலங்கிவிடும்.

போன மாதம் பெட்டி நின்றுவிட்டது. மூன்றரை மணி நேரப் படம், கதாநாயகன் தன் நண்பனையே சுடப் போகிறான், திரை நீலமானது. விற்றவனுடைய எண்ணுக்கு அடித்தால் எடுக்கவில்லை. பசார் மாலாமில் அவன் கடை இருந்த இடத்தில் ஆப்பம் பாலிக் விற்கிறார்கள். அண்ணன் தூங்கவில்லை. காலையில் வெள்ளைச் சட்டை போட்டார், அடையாள அட்டையை எடுத்துப் பையில் வைத்தார்.

"திருட்டுப் பய. ஏழைங்க காச அடிக்கிறான். இவனையெல்லாம் விடக் கூடாது. ரிப்போட் அடிக்கப் போறேன்."

சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். "மாத்தாகிட்ட என்னான்னு சொல்லுவீங்க? நான் திருட்டுப் படம் பாக்கிற பெட்டிய ஒரு திருடன் ஏமாத்தி வித்துட்டான்னா?"

அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிய கையோடு மோட்டார் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கதையை எந்த ஃபிளாஷ்பேக்கில் தொடங்கினால் சார்ஜனுக்குப் புரியும் என்று பதினைந்து நிமிடம் யோசித்தார். பிறகு எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, காப்பி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. கமல் குரலில்.