அரை முறிப் பொருளாதாரம்

குறைந்த செலவில் குடும்பம் நடத்த யோசனை சொல்கிறவர்கள் எல்லோரும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள், பசியோடு போகாதீர்கள், அந்தந்தப் பருவத்துக் காயை வாங்குங்கள் என்பார்கள். எல்லாம் சரிதான். தேங்காயை என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

கணவாயைத் தாண்டி நாஞ்சில் நாட்டுக்குள் வந்தால் அவியலுக்குத் தேங்காய், துவரனுக்குத் தேங்காய், மீனுக்குத் தேங்காய். தீயலுக்கு அதைக் கறுக்க வறுத்து அரைக்க வேண்டும். எரிசேரிக்கு இரண்டு தடவை: அரைத்துச் சேர்க்க ஒரு தரம், வறுத்து மேலே தூவ ஒரு தரம். இவ்வளவும் முடிந்து அவியலை இறக்கும்போது பச்சையாக ஊற்றுவது தேங்காய் எண்ணெய்.

2025-இல் அந்த எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. வெயில், வெள்ளை ஈ, வேர்வாடல் நோய் என்று காரணம் சொன்னார்கள். மற்ற ஊர்க்காரர்கள் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியிருப்பார்கள். எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடையில் துட்டி கேட்க வந்தவர்கள் மாதிரி ஆட்கள் நின்றார்கள். விலையைக் கேட்டார்கள், பக்கத்திலிருந்த சூரியகாந்தி எண்ணெயை ஒரு பார்வை பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், பிறகு தேங்காய் எண்ணெயையே வாங்கிக்கொண்டு போனார்கள்.

என் மனைவி கணக்கு நோட்டு வைத்திருக்கிறாள். பலசரக்கோடு தேங்காயையும் சேர்த்தால் மொத்தமும் தேங்காயாகவே தெரிகிறது என்று அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கினாள். கரண்டு பில், பள்ளிக்கூடக் கட்டணம், வீட்டுக் கடன், தேங்காய் என்று வரிசை.

என் அம்மைக்கு நோட்டு கிடையாது; ஆனால் சிக்கனத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. வடசேரிச் சந்தைக்கு வியாபாரிகள் கடை கட்டப்போகிற நேரம் பார்த்துப் போவாள். மிச்சம் கிடக்கும் ரெண்டு புடலங்காய், ஒரு கீற்று மத்தங்காய், ஒரு துண்டு சேனை, பாதி தடியங்காய் எல்லாவற்றையும் ஒரே கூறாகப் பேசி முடித்துவிடுவாள். அவியல் என்பதே அப்படி மிஞ்சியவற்றின் பொதுக்குழுக் கூட்டம்தான். காசு கொடுக்காமல் வருவன வேறு: அடுத்த வீட்டுச் சக்கை என்கிற பலா, அதன் குரு, பின்புறத்து முருங்கைக்கீரை, குலை வெட்டும்போது கிடைக்கிற வாழைத்தண்டு.

ஏத்தங்காய் உப்பேரிக்குச் சீவி எடுத்த தோலை மற்றவர்கள் மாட்டுக்குப் போடுவார்கள். அம்மை அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, கறை போக மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சிறுபயறோடு வேகவைப்பாள். இதுவரை அநேகமாகச் செலவில்லை. அம்மை முகத்தில் வெற்றிக் களை. அப்புறம், "அந்தத் தேங்காய இஞ்ச எடு மக்கா" என்பாள். அரை முறி, கொஞ்சம் சீரகம், நாலு சின்ன உள்ளி, ரெண்டு பச்சைமிளகாய், அம்மியில் ஒரே சதைப்பு.

"வெறும் தோலுக்குப் போய் அரை முறியா அத்தை?"

"வெறும் தோலுங்கதுனாலதான் அரை முறி. நல்ல காயா இருந்தா கால் முறி போரும்."

காய் மலிய மலியத் தேங்காய் கூடும் என்கிற இந்த விதி எந்தப் பொருளாதாரப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஓசியில் வந்த சக்கைக்கு ஒரு முழுத் தேங்காய் போகும்.

சொந்தத் தென்னை வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். மரம் ஏறுகிறவரைப் பிடிப்பதைவிட கலெக்டரைப் பார்ப்பது சுலபம். ஏறுகிறவர் வருகிற வரைக்கும் காய்கள் தாமாகவே விழும். விழுகிற இடம் அடுத்த வீட்டு ஓடு. அந்த மாதம் தேங்காய்ப் பக்கத்தில் ஓட்டு விலையும் ஏறும்.

மீனில் மிச்சம் பிடிக்க அரசாங்கமே காலண்டர் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுக்குத் தடை. சின்னமுட்டம் படகுகள் கரையில் கிடக்கும். மேற்கே குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் ரெண்டு தடை. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் திறந்திருக்கும் என்று பார்த்தால், ஜூன் முதல் ரெண்டு வாரம் ரெண்டும் அடைப்பு. அப்போது வள்ளத்துக்காரர் கொண்டுவருவதுதான் மீன்.

"சாளைக்கா இந்த வெல?" என்று கேட்டால் மீன்காரம்மை, "கடலப் பூட்டிப் போட்டுருக்கு மக்களே, சாவி எனக்கிட்டயா இருக்கு?" என்பாள். சரி, கருவாடு போதும் என்று வீட்டுக்கு வந்தால், கருவாட்டுக் கறிக்கும் தேங்காய் அரைக்க வேண்டும்.

ரேஷன் கடை இருக்கிறதே என்பீர்கள். அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று தென்னை விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது பிழைப்புக்காக. அம்மை அதை ஆதரிப்பது கொள்கைக்காக. அப்பளம் பொரிக்கப் பாமாயில் ஆகலாம், தாளிக்க ஆகாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்க்குத் தப்பவில்லை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகள் வயிறு நிறையட்டும் என்று அந்தக் கிழங்கைப் பரப்பியவர். 1942-இல் ரங்கூன் ஜப்பான்காரர் கைக்குப் போய் பர்மா அரிசி நின்றபோது ராஜ்யத்தைத் தாங்கியதில் கிழங்குக்கும் பங்குண்டு. மூடாமல் வேகவைத்து, நஞ்சு போகத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் சாப்பாடு தயார். மகாராஜா கணக்கில் அவ்வளவுதான் செலவு. எங்கள் பாட்டிமார் அதில் தேங்காயும் சீரகமும் வெள்ளுள்ளியும் அரைத்துப் போட்டு மசித்தார்கள். பஞ்சம் தீர்க்க வந்த கிழங்குக்கு மாப்பிள்ளை மரியாதை.

2025-இல் தேங்காய் விலை உச்சத்தில் இருந்தபோது மனைவி ஒரு மாதம் தேங்காயைப் பாதியாகக் குறைத்தாள். நோட்டுப் பக்கம் அழகாக இருந்தது. அவியல் காயும் தண்ணீருமாகப் பிரிந்து நின்றது. பிள்ளைகள் தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்தார்கள். ராத்திரி செல்போனைத் தட்ட, புரோட்டாவும் கோழிச் சாறும் வீடு தேடி வந்தன. அம்மை ஒன்றும் பேசவில்லை. பார்சல் பில்லை மட்டும் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

"இந்த ருவாய்க்கு எத்தன தேங்கா வரும் மக்கா?"

மனைவி வகுத்துப் பார்த்தாள். விலை ஏறின அந்த மாதத்திலும் ஒரு வாரத்துக்கு மேலேயே வரும்.

"தேங்கா கொறஞ்சா ருசி கொறயும், ருசி கொறஞ்சா சோறு மிஞ்சும். மிஞ்சுன சோறு ஆரு கணக்குல?"

நோட்டில் இப்போது தேங்காய்க்குத் தனிப் பக்கம் இல்லை. சேமிப்பு என்ற தலைப்பின் கீழ், ஏலச்சீட்டுக்கு மேலே எழுதியிருக்கிறாள்.